‘புயலின் கண்’ என்றால் அமைதியா, ஆபத்தா? பதினான்காம் கேள்வியால் வந்த வினை

சாக்பீஸ் | கடலூர் | இரவு 9.40

வணக்கம். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறை, முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. அதுதான் எங்கள் பல்கலைக்கழகம்.

சென்ற வாரம் ஆங்கில மரபுத்தொடர்களில் ஒரு தேர்வு வைத்தேன். பதினான்காவது கேள்வி: ‘இன் தி ஐ ஆஃப் தி ஸ்டார்ம்’, அதாவது ‘புயலின் கண்ணில்’ என்பதன் பொருள் யாது? (அ) பெரிய சர்ச்சையின் நடுவில் மாட்டிக்கொண்டிருத்தல் (ஆ) கொந்தளிப்புக்கு நடுவே அமைதியான இடத்தில் இருத்தல் (இ) ஆபத்தை முன்கூட்டியே அறிதல் (ஈ) கோபத்தோடு பார்த்தல். கேள்வியை நான் உருவாக்கவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். புத்தகம் சொல்லும் விடை (அ).

இருபத்தேழு பேரில் இருபத்து மூன்று பேர் (அ) எழுதினார்கள். மூன்று பேர் (ஈ). கண் என்று இருப்பதால் பார்வை என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஒருத்தி மட்டும் (ஆ). தேவனாம்பட்டினத்துப் பெண். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு அவள் தாளோடு வந்து நின்றாள். “டீச்சர், புயலின் கண்ணில் காற்றே இருக்காது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தானே புயலன்று அப்பா அதற்குள் நின்றவர்” என்றாள். “தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காதம்மா” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். வாதத்துக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான் என்பது படியிறங்கும்போது உறைத்தது.

வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன். ஒன்று அவள் பக்கம். ஒன்று புத்தகத்தின் பக்கம். மூன்றாவது இரண்டு பொருளையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. எது சரி? அந்தப் பெருக்கல் குறியை நான் அழிக்க வேண்டுமா?

---

பிழைதிருத்தி | கடலூர் | இரவு 10.05

டீச்சர், அழிக்க வேண்டாம்.

பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவன் நான். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் மேசைக்கு இந்தத் தொடர் வாரம் ஒருமுறையாவது வரும். ஓர் அமைச்சர் புயலின் கண்ணில் இருக்கிறார், ஒரு கிரிக்கெட் வீரர் புயலின் கண்ணில் இருக்கிறார் என்று. அந்த அமைச்சர் அமைதியாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு முறைகூட அதற்குப் பொருள் இருந்ததில்லை. எல்லோரும் அவரைத்தான் ஏசுகிறார்கள் என்பதே செய்தி.

மரபுத்தொடரின் பொருளை வானிலை ஆய்வு மையம் தீர்மானிப்பதில்லை, அதைப் பேசுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். ‘நாற்றம்’ என்றால் நறுமணம் என்று சங்க காலத்து மனிதர் ஒருவர் எழுந்துவந்து வழக்காடினால், அவர் சொல்வது உண்மைதான். ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் “சாம்பார் நன்றாக நாறுகிறது” என்று அவர் சொல்லக் கூடாது.

---

மழைக்கணக்கு | லாஸ்பேட்டை, புதுச்சேரி | இரவு 10.31

பிழைதிருத்தி ஐயா மன்னிக்க வேண்டும். தவறு ஊரறியப் பரவிவிட்டால் அது சரியாகிவிடுமா? மொட்டை மாடியில் மழைமானி வைத்துத் தினமும் காலை எட்டரைக்கு அளவெடுக்கும் பைத்தியங்களில் நானும் ஒருவன். எனக்கு இது பொறுக்கவில்லை.

புயலின் கண் எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறுகிறது. புயல் வலுக்கும்போது அது நடுவத்தைச் சுற்றி ஒரு வளையமாக நின்று ஏறும். மேலே போன காற்றின் பெரும்பகுதி வெளிப்பக்கம் பரவிப் போய்விடும். கொஞ்சம் நடுவில் கீழே இறங்கும். இறங்கும் காற்று சூடேறி உலர்ந்துபோவதால் அங்கே மேகம் கலைகிறது, மழை நிற்கிறது, காற்று ஓய்கிறது. அந்த வட்டம்தான் கண். பெரும்பாலும் 30 முதல் 65 கிலோமீட்டர் வரை குறுக்களவு இருக்கும். அதைச் சுற்றி நிற்கும் மேகச்சுவர்தான் புயலிலேயே மோசமான பகுதி. அதிவேகக் காற்றும் பேய்மழையும் அங்கேதான். ஆகவே ஏச்சும் பேச்சும் வாங்குகிற அமைச்சர் இருப்பது சுவரில். கண்ணில் அல்ல.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். செயற்கைக்கோள் படத்தில் பார்க்கிற மாதிரி பளிச்சென்ற ஓட்டை எல்லாப் புயலுக்கும் இருக்காது. நம் கரைக்கு வந்து சேரும் நேரத்தில் பெரும்பாலும் கண்ணை மேகம் மூடிவிடும். நீலவானம் எல்லாம் தெரியாது. காற்று ஓய்வது மட்டும் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் போடுங்கள் டீச்சர்.

---

நெய்வேலி நண்பன் | இரவு 10.44

இதே வகையில் எனக்கும் ஒரு சந்தேகம். ‘அண்டர் தி வெதர்’ என்று சொல்கிறார்களே, வானிலைக்கு அடியில் என்றால் என்ன பொருள்?

---

பிழைதிருத்தி | இரவு 10.47

உடம்பு சரியில்லை என்று பொருள் தம்பி. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஏற்கெனவே காற்று பலமாக இருக்கிறது.

---

வலைக்கண் | கடலூர் முதுநகர் | மறுநாள், காலை 5.20

நேற்றிரவே படித்தேன். தொழிலுக்குப் போகிறவன், விடியற்காலையில்தான் எழுத முடிகிறது.

இரண்டு பேரும் அது ஓர் ‘இடம்’ என்று வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அமைதியான இடமா, ஆபத்தான இடமா என்று. கரையில் நிற்கிறவனுக்கு அது இடமே இல்லை. அது ஒரு நேரம். புயல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம். கண் நம் தலைக்கு மேல் வருகிறது, போகிறது. அவ்வளவுதான்.

தானே வந்தது 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. முந்தின இரவு முழுக்க வாடை. வடக்கிலிருந்து அடித்தது. எங்கள் வீட்டு ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று போகும் சத்தத்தைத் தாத்தா எண்ணிக்கொண்டிருந்தார், எங்களை அழவிடாமல் இருப்பதற்காக. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் கரையைக் கடந்தது என்று பிறகு சொன்னார்கள். எங்கள் குப்பத்தில் அந்த நேரத்தில்தான் காற்று நின்றது. குறைந்து குறைந்து நிற்கவில்லை. யாரோ கதவைச் சாத்தியது போல நின்றது. காது அடைத்தது. அதற்கு முன் எத்தனை மணி நேரம் கத்திக் கத்திப் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் அம்மா அந்த அமைதியிலும் கத்திக்கொண்டே இருந்தார்.

ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். எங்கள் சித்தப்பா படகைப் பார்க்க ஓடினார். தாத்தா வாசலில் நின்று, “இன்னும் பாதி பாக்கி இருக்கிறது, எங்கே ஓடுகிறாய்?” என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். சித்தப்பா கேட்கவில்லை. அவர் போனதிலும் நியாயம் உண்டு. வாடைக்குக் கட்டிய கயிறு தென்காற்றுக்கு உதவாது. புயலின் முன்பாதி வடக்கிலிருந்து அடித்தால் பின்பாதி தெற்கிலிருந்து அடிக்கும். கட்டை மாற்றிக் கட்டினால்தான் படகு தப்பும். பாதி கட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் ஆரம்பித்துவிட்டது. கயிற்றை விட்டுவிட்டு ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தார். ஆள் பிழைத்தார். படகு பிழைக்கவில்லை.

தெற்கிலிருந்து அடித்தால் அதற்குத் தென்றல் என்று பெயராம். அன்றைக்கு அதைத் தென்றல் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இன்னொன்று. கண்ணுக்குள் காற்றுதான் ஓயும், கடல் ஓயாது. சுற்றி எல்லாப் பக்கமும் அடிக்கிற காற்று எழுப்பிய அலை நடுவே வந்து ஒன்றோடொன்று மோதும். எந்த அலை எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. கரையில் இருப்பவனுக்காவது மூச்சுவிட ஒரு நேரம். கடலில் இருப்பவனுக்கு அதுவும் கிடையாது. ‘அமைதியான இடம்’ என்று எழுதிய பிள்ளை, அவள் அப்பா சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறாள்.

---

சாக்பீஸ் | காலை 7.15

தேநீர் ஆறிப்போனது தெரியாமல் படித்தேன். அண்ணா, உங்கள் பதிவை வகுப்பில் வாசித்துக்காட்ட அனுமதி வேண்டும்.

ஒரு சந்தேகம். வடக்கு, பிறகு தெற்கு என்கிறீர்கள். ஏன் கிழக்கு மேற்கு இல்லை? நான் ஆங்கிலம் படித்தவள், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

மழைக்கணக்கு | காலை 8.50

(மழைமானியில் இன்று பூஜ்யம்.)

நான் சொல்கிறேன். நம் பாதி உலகத்தில் புயலின் காற்று இடஞ்சுழி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. புயல் வங்கக் கடலிலிருந்து மேற்கே நம்மை நோக்கி வருகிறது. மையம் நமக்குக் கிழக்கே கடலில் இருக்கும்போது நாம் அதன் மேற்கு ஓரத்தில் நிற்கிறோம். அங்கே சுழற்சி வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். மையம் நம்மைத் தாண்டிப் பண்ருட்டிப் பக்கம் போய்விட்டால் நாம் கிழக்கு ஓரத்தில். அங்கே தெற்கிலிருந்து வடக்கே ஏறும். ஒரு தட்டில் அம்புக்குறி வரைந்து மேசைமேல் கிழக்கிலிருந்து மேற்காக நகர்த்திப் பாருங்கள், பிள்ளைகளுக்கு உடனே புரியும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் இடக்கைப் பக்கம் என்பது பழைய மாலுமிப் பாடம்.

‘சைக்ளோன்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் வங்கக் கடல் கொடுத்ததுதான். கல்கத்தாவில் கப்பல் விபத்துகளையும் புயல்களையும் ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் 1840களில் கிரேக்கத்திலிருந்து எடுத்து அமைத்தார். பாம்பு சுருண்டு கிடப்பது போன்ற சுழற்சி என்ற பொருளில். 1848இல் மாலுமிகளுக்காக ஒரு கையேடும் எழுதினார். புயலின் நடுவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காற்றைப் பார்த்தே கண்டுபிடித்து, அதிலிருந்து விலகிப் போகக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் வேலை. வலைக்கண் சொன்ன அலை விஷயம்தான் காரணம். எனவே மாலுமிக்குக் ‘கண்’ என்பது போய் ஒளிந்துகொள்ளும் இடமாக ஒருநாளும் இருந்ததில்லை. நேற்று நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது.

---

வெள்ளைநகரப் பூனை | புதுச்சேரி | காலை 10.02

தானே அன்று நான் புதுச்சேரியில் இருந்தேன். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நீங்கள் சொல்லும் ‘கதவைச் சாத்தியது போன்ற’ அமைதி எதுவும் எங்களுக்கு வரவில்லை! காற்று வடகிழக்கில் தொடங்கியது, கிழக்குக்குத் திரும்பியது, அப்புறம் தென்கிழக்கு. மெல்லத் திரும்பிக்கொண்டே விடாமல் அடித்தது. காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் மரங்கள்தான் படுத்திருந்தன, நடக்க இடமில்லை. என்னைக் கேட்டால் புயலின் கண் என்பது பத்திரிகையில் படிக்கிற விஷயம்.

இன்னொரு தகவல். பிரெஞ்சிலும் இதே தொடர் உண்டு: ‘லெய் து சிக்லோன்’, புயலின் கண். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சு நாளிதழ் படிக்கிறவர்கள். அதிலும் இதே குழப்பம்தான். அரசியல்வாதி வசமாக மாட்டிக்கொண்டால் கண்ணில் இருக்கிறார் என்பார்கள். உடனே ஒரு வாசகர் ‘கண்ணில் அமைதியல்லவா நிலவும்?’ என்று கடிதம் எழுதுவார். இரண்டு வெள்ளைக்காரர்களும் வேறு எதிலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

---

மழைக்கணக்கு | காலை 10.20

பூனையாரே, நீங்கள் பார்த்ததும் சரி, அவர் பார்த்ததும் சரி. மையம் கடந்தது உங்களுக்குத் தெற்கே. மையப்பாதைக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கிழக்கு வழியாகச் சுற்றித்தான் திரும்பும், இடையில் ஓயாது. நேர்ப்பாதையில் இருப்பவனுக்குத்தான் வாடை, அமைதி, தென்காற்று என்று மூன்று அங்கம். ஓரத்தில் இருந்தால் அமைதி பத்து நிமிடம்கூட வராது. நட்டநடுவில் இருந்தால், கண்ணின் அகலம் 20 கிலோமீட்டர், புயலின் நகர்வு மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் ஊர் அருகே கரையைக் கடந்ததே, அதைக் கணக்கில் சேர்க்கவே முடியாது. கடந்த பிறகு நகர மறுத்து இங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் மழைமானிக் குடுவை நிரம்பி வழிந்து, அளவு தவறிப்போன ஒரே நாள் அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

---

வலைக்கண் | பகல் 1.35

இந்த வடக்கு தெற்கு விஷயத்தைக் கூண்டு எண்ணே சொல்லிவிடும். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. எண் கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். கடைசியில் அப்படி இல்லை. 8, 9, 10 மூன்றுமே பெரும் ஆபத்துதான். எட்டு என்றால் புயலின் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கிறது. ஒன்பது என்றால் வலப்பக்கம். பத்து என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி அவரவர் பாடு.

நம் கரையில் வலப்பக்கம் என்றால் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து தரையை நோக்கி அடிக்கும், கடலையும் தள்ளிக்கொண்டு வரும். அதனால் ஒன்பது ஏறினால் எங்களுக்குப் பத்தைவிடப் பயம் உண்டு, கடல்நீர் விஷயத்தில். கண் உங்கள் தலைமேல் வருமா என்று கேட்டால் அதற்கான எண் பத்து. டீச்சர் உங்கள் அமைச்சர் கதைக்குப் பத்தாம் எண் கூண்டு என்று தமிழில் எழுதிவிட்டால் போதும், இங்கே யாருக்கும் அகராதி தேவைப்படாது. எங்கள் வீட்டில் அப்பா பேசாமல் சாப்பிட்டால் “மூன்று ஏறியிருக்கிறது” என்போம். தட்டை நகர்த்தி வைத்தால் எட்டு.

---

பலாச்சுளை | பண்ருட்டி | மாலை 4.10

கடற்கரைக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தானே எங்களைத்தான் மொட்டையடித்தது. பலாவும் முந்திரியும் வருஷத்துப் பயிர் இல்லை. தாத்தா வைத்ததைப் பேரன் பறிப்பது. ஒரு காலைப்பொழுதில் போனது.

மரம் விழுந்த விதத்தைச் சொல்ல வந்தேன். முதலில் அடித்த காற்றில் எங்கள் தோப்பில் பாதி மரம் தெற்கே பார்த்து விழுந்தது. மீதி நின்றது. தப்பித்தது என்று நினைத்தோம். அவை தெற்கே சாய்ந்து சாய்ந்து வேரடி மண் இளகிப்போயிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்ததும் அவை வடக்கே விழுந்தன, பலமாக அடிக்கக்கூடத் தேவைப்படவில்லை. மறுநாள் தோப்பில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று எதிரும் புதிருமாகக் கிடந்தன. எங்கள் பெரியப்பா அதைப் பார்த்துச் சொன்னது: “மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.”

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அந்தத் தொடருக்குத் தமிழ் வேண்டுமென்றால் அதுதான் என்று தோன்றுகிறது.

---

பிழைதிருத்தி | மாலை 6.30

பலாச்சுளை அவர்களே, வணங்குகிறேன். மத்தளம் எனக்குத் தோன்றாமல் போனதே.

பகல் முழுவதும் யோசித்தேன். சில விஷயங்கள்.

ஆங்கிலத்தில் ‘காற்றின் கண்’ என்று ஒரு பழைய கப்பல் வழக்கு உண்டு. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே அந்தப் பெயர். காற்றின் கண்ணுக்குள் கப்பலைச் செலுத்துவது என்றால் முழு வேகத்துக்கும் முகம் கொடுத்துப் போவது. அங்கே அமைதிக்கு இடமே இல்லை. அந்தப் பழைய நினைவு இந்தப் புயல் தொடருக்குள்ளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டாவது, ‘நடுவில் இருக்கிறான்’ என்றாலே எல்லா மொழிக்காரருக்கும் அடி வாங்குகிறான் என்றுதான் படுகிறது. புயலின் நடுவே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பத்திரிகை மேசையில் யாரும் இல்லை.

தமிழில் பாருங்கள். ‘புயலின் கண்’ என்பது மொழிபெயர்த்து வந்த சொல்தான், ஆனாலும் அந்நியமாக ஒலிக்கவில்லை. ஏனென்றால் நம் ‘கண்’ பார்ப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. தேங்காய்க்குக் கண் உண்டு. சல்லடைக்குக் கண் உண்டு. ஊற்றுக்கண், மதகுக்கண், புண்ணின் கண், செங்கோட்டைப் பக்கம் பதிமூன்று கண் பாலம். நம் நண்பர் வைத்திருக்கும் பெயரே வலைக்கண். எல்லாமே துவாரம், திறப்பு. ஒன்று அதன் வழியே வரும், அல்லது நழுவிப் போகும். வலையில் கண்ணைச் சுற்றி நூல் இருப்பதால்தான் அது கண். நூலை எடுத்துவிட்டால் வெறும் வெளி. புயலுக்கும் அப்படித்தானே? நேற்று நான் சொன்னதை முழுக்கத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அமைச்சரைத் தமிழில் எழுதும்போது ‘புயலின் கண்ணில்’ என்று போட இனி எனக்குக் கை வராது. ‘சர்ச்சைச் சுழலில் சிக்கினார்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். கெடிலத்தில் சுழி பார்த்தவர்களுக்கு அதில் அமைதி இல்லை என்று தெரியும்.

டீச்சருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆங்கிலத்தில் ஒருவர் கண்ணில் ‘இருக்கிறார்’ என்றால், அதாவது ‘இன் தி ஐ’ என்று வந்தால், பெரும்பாலும் பிரச்சினையில் இருக்கிறார். ஒருவரே அந்தக் கண் ‘ஆக’ இருக்கிறார் என்றால், ‘ஷீ வாஸ் தி ஐ’ என்பது போல வந்தால், பெரும்பாலும் கலவரத்தில் கலங்காதவர் என்று பொருள். விதிவிலக்கு உண்டு. இருந்தாலும் வாக்கியமே இல்லாமல் தொடரை மட்டும் நிறுத்திவைத்து நான்கு விடை கொடுத்த அந்தப் புத்தகத்தைத்தான் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

---

மழைக்கணக்கு | மாலை 6.52

பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

---

வெள்ளைநகரப் பூனை | மாலை 7.08

இடுக்கண் என்ற சொல்லிலும் கண் இருக்கிறது. துன்பம். பார்த்தீர்களா, கண் என்றாலே ஆபத்து!

---

பிழைதிருத்தி | மாலை 7.11

அது இடுங்கிய கண், முகத்தில் உள்ளது. அதைப் புயலோடு முடிச்சுப் போடாதீர்கள் பூனையாரே.

---

நெய்வேலி நண்பன் | மாலை 7.30

‘அண்டர் தி வெதர்’ இழை தொடங்கிவிட்டேன். ஒருவரும் வரவில்லை.

---

வலைக்கண் | இரவு 8.05

பிழைதிருத்தி ஐயா சொன்ன நூல் விஷயம் பிடித்திருந்தது. ஒரு திருத்தம் மட்டும். வலையில் கண் பெரிதாக இருந்தால் சின்ன மீன் தப்பும். புயலில் கண் பெரிதாக இருந்தால் ஆள் ஏமாறுவான். நேரம் நீள நீள ‘முடிந்துவிட்டது’ என்று வெளியே வருகிறவர்கள் அதிகம். கண் சின்னதாக இருந்தால் செருப்பைத் தேடுவதற்குள் மறுபாதி வந்துவிடும், வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவோம்.

டீச்சர், வாசித்துக்காட்டுங்கள். சித்தப்பா பெயரைக் கேட்டால் சொல்ல வேண்டாம். இன்னும் கோபம் வருகிறது அவருக்கு.

---

சாக்பீஸ் | நான்கு நாள் கழித்து, இரவு 9.15

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வலைக்கண் அண்ணாவின் பதிவை வாசித்தேன். “இன்னும் பாதி பாக்கி இருக்கிறது” என்ற இடத்தில் அந்தப் பெண், “எங்கள் அப்பாவும் இதையேதான் சொன்னார் டீச்சர்” என்றாள். “அப்படியானால் ‘அமைதியான இடம்’ என்று ஏன் எழுதினாய்?” என்று கேட்டேன். “‘பாதி பாக்கி’ என்று ஒரு விடை கொடுத்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன்” என்றாள். பெருக்கல் குறியை அழித்தேன். (அ) எழுதியவர்களின் மதிப்பெண்ணிலும் கை வைக்கவில்லை. (ஈ) எழுதிய மூவரும் தங்களுக்கும் நீதி வேண்டும் என்றார்கள். கிடைக்கவில்லை.

பிறகு ஒரு சாப்பாட்டுத் தட்டில் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி வரைந்து மேசைமேல் கிழக்கிலிருந்து மேற்கே நகர்த்தினோம். ஆங்கில வகுப்பில் தட்டு எதற்கு என்று கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

நேற்று புதிதாக இரண்டு கேள்வி வைத்தேன், இம்முறை முழு வாக்கியத்தோடு. முதலாவது, கணக்கில் முறைகேடு செய்ததாக எல்லோரும் குற்றம் சாட்டும் ஒரு சங்கத் தலைவர், ‘இன் தி ஐ’. இரண்டாவது, சொத்துத் தகராறில் வீடே அல்லோலகல்லோலப்படும்போது பாட்டி, ‘வாஸ் தி ஐ’. முதலாவதில் தேவனாம்பட்டினத்துப் பெண் சரியாக எழுதினாள். இரண்டாவதில் ‘சண்டைக்கே காரணம்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். “வாக்கியம் புரிந்தது டீச்சர். ஆனால் எங்கள் பாட்டியை உங்களுக்குத் தெரியாது” என்றாள்.